சைலன்ஸ்: கிச்சிஜிரோவுக்காக ரெண்டாவது தடவ பாத்த படம்

மார்ட்டின் ஸ்கோர்செஸியோட சைலன்ஸ் (2016) படத்த நேத்து ராத்திரி ரெண்டாவது தடவ பாத்தேன், முடிஞ்சதும் தூக்கம் வரல, அதான் எழுத உக்காந்துட்டேன். மொதல் தடவ பாத்தப்ப முடிவு மேல எனக்கு பயங்கர கோவம், ஒரு குருவானவர் ஆண்டவரோட உருவத்து மேல கால வைக்கிறத இவ்ளோ பரிவோட எப்படி காட்டலாம்னு. இந்த தடவ அந்தக் கோவம் இல்ல. முடிவ சொல்லாம இந்தப் படத்தப் பத்தி பேசவே முடியாது, அதனால பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

கதை நடக்குறது 17ஆம் நூற்றாண்டு ஜப்பான்ல. 1549ல சவேரியார் போய் இறங்குன நாடு, லட்சக்கணக்குல ஞானஸ்நானம் வாங்குன நாடு, 1614ல ஷோகன் ஆட்சி (ஜப்பான ஆண்ட ராணுவத் தலைவரோட அரசு) கிறிஸ்தவத்துக்கே மொத்தமா தடை போட்டுருச்சு. அங்க இருந்த ஃபெரெய்ராங்கற சேசு சபை குரு சித்ரவதை தாங்காம வேதத்த மறுதலிச்சுட்டார்னு சேதி வருது. அவருகிட்ட படிச்ச ரெண்டு இளம் குருக்கள், ரொட்ரிகஸும் கரூப்பேயும், இத நம்பவே மாட்டேங்குறாங்க, தேடிக்கிட்டு கெளம்புறாங்க. ஃபெரெய்ரா நெஜமாவே இருந்தவர், 1633ல மறுதலிச்சவர். ரொட்ரிகஸ் கூட ஜுசெப்பே கியாராங்கற இத்தாலிய சேசு சபை குருவ மனசுல வச்சு உருவாக்குன பாத்திரம்தான். ஷுசாகு எண்டோன்னு ஒரு ஜப்பானிய கத்தோலிக்க எழுத்தாளர் 1966ல எழுதுன நாவல், அதத்தான் படமா எடுத்திருக்காங்க.

ஃபுமியேன்னு ஒண்ணு வரும். ஆண்டவர் இல்லன்னா மாதா உருவம் பதிச்ச தகடு, தரைல போட்டு மிதிக்க சொல்லுவாங்க, மிதிச்சா விட்டுருவாங்க. சும்மா ஒரு சம்பிரதாயம், லேசா கால வச்சா போதும்னு அதிகாரிங்களே ரொம்ப சாந்தமா சொல்லுவாங்க பாருங்க, எனக்கு அதுதான் அடிதடிய விட பயமா இருந்துச்சு. விசாரணை அதிகாரி இனோவேயா இஸ்ஸே ஓகாட்டா நடிச்சிருக்கார், சிரிச்சுகிட்டே விசிறிய வீசிகிட்டே பேசுற மனுஷன், ஒரு எடத்துலயும் கத்த மாட்டார், ஆனா அவர் வந்தாலே வயித்த கலக்கும்.

மோகிச்சிங்கற கிராமத்து கிறிஸ்தவர கடல் ஓரத்துல சிலுவைல கட்டி அலை அடிக்க அடிக்க விடுற சீன் இருக்கு. நாலு நாள் உயிரோட இருக்கார், கடைசில மெல்லிசா ஒரு பாட்டு பாடுறார். கரைல மத்தவங்க வாய மூடி நிக்குறாங்க. ரொட்ரிகஸ் ஒளிஞ்சிருந்து பாக்குறார், செபம் பண்றார், பதிலே இல்ல. படத்துல பின்னணி இசையும் கிட்டத்தட்ட கெடையாது, பூச்சி சத்தம், அலை, மழை, காத்து அவ்ளோதான். ஆரம்பமே இருட்டு திரைல பூச்சி சத்தம்தான். செபத்துல எதிர்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கும்ல, அந்த உணர்வ வசனமா சொல்லாம காதுலயே உக்கார வச்சுட்டாங்க. நல்ல ஹெட்போன் போட்டு பாருங்க, சின்ன ஸ்பீக்கர்ல பாத்தா பாதி படம் போச்சு.

ஆனா எனக்கு இது கிச்சிஜிரோ படம், ரெண்டு குருக்களையும் ஜப்பானுக்கு கூட்டிட்டு வர்ற வழிகாட்டி அவன். யோசுகே குபோசுகா நடிச்சிருக்கார். அவன் குடும்பத்துல எல்லாரும் மிதிக்க மாட்டோம்னு சொல்லி நெருப்புல செத்துட்டாங்க, இவன் ஒருத்தன் மட்டும் மிதிச்சுட்டு உயிரோட ஓடி வந்தவன். திரும்பவும் மிதிப்பான். சிலுவைல துப்புவான். குருவையே வெள்ளிக்காசுக்கு காட்டிக் குடுப்பான். ஒவ்வொரு தடவையும் தேடி வந்து பாவசங்கீர்த்தனம் (குருகிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு வாங்குறது) கேப்பான், ரொட்ரிகஸ சிறைல அடைச்ச பெறகும் அங்கயே வந்து கேப்பான். ரொட்ரிகஸுக்கு அருவருப்பா இருக்கும், எனக்கும் மொதல் தடவ அப்படித்தான் இருந்துச்சு, இவன் எதுக்கு திரும்பத் திரும்ப வரான்னு. இந்த உபத்திரவம் இல்லாத காலத்துல பொறந்திருந்தா நானும் நல்ல கிறிஸ்தவனாவே செத்திருப்பேன்னு அவன் சொல்ற எடம் இருக்கு, அங்க நேத்து படத்த நிறுத்திட்டேன்.

ஏன்னா மூணு வருஷமா நான் பாவசங்கீர்த்தனத்துக்கே போகல. அப்பா படுக்கைல இருந்த கடைசி மாசங்கள்ல எனக்கு பொறுமை இல்லாம போச்சு, அவர்கிட்ட கத்துனேன், மன்னிப்பு கேட்டேன், மறுபடி கத்துனேன். அதே பாவத்த மறுபடியும் எந்த முகத்த வச்சுகிட்டு போய் சொல்றதுன்னு வெக்கப்பட்டு நின்னுட்டேன், அப்பா போன பெறகு செபமும் விட்டுப் போச்சு. கிச்சிஜிரோவுக்கு அந்த வெக்கம் இருந்தும் வரான். படம் முழுக்க அவன் ஒருத்தன்தான் வந்துகிட்டே இருக்கான்.

ரொட்ரிகஸுக்கு உள்ளுக்குள்ள தானும் வேதசாட்சி ஆகணும், விசுவாசத்துக்காக உயிர விடணும்னு ஒரு ஆசை இருக்கு, தண்ணில தன் முகத்த பாக்குறப்ப ஆண்டவர் முகம் தெரியுற மாதிரி ஒரு சீன் வைக்கிறாங்க, விசுவாசத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குற பெருமைய அப்படி காட்டி நான் பாத்ததில்ல. அப்புறம் அந்த ராத்திரி. காவக்காரன் குறட்ட விடுறான்னு நெனச்சு எரிச்சல் படுறார், அது குறட்ட இல்ல, குழிக்குள்ள தலைகீழா தொங்க விட்ட கிறிஸ்தவங்களோட முனகல்னு ஃபெரெய்ரா வந்து சொல்றார். அவங்க ஏற்கனவே மறுதலிச்சுட்டாங்க, இவர் மிதிச்சாத்தான் அவங்கள எறக்குவாங்க. மிதிச்சதும் தூரத்துல சேவல் கூவும். விசுவாசத்த தொலைச்ச ஒருத்தரோட கதைன்னு பல பேர் சொல்றாங்க, எனக்கு அப்படி தோணல, அவருகிட்ட இருந்து பிடுங்கினது அந்த வேதசாட்சி முகத்த. கடைசியில சவப்பெட்டிக்குள்ள கைல இருக்குறத பாருங்க.

கொறையும் இருக்கு. ரொட்ரிகஸா வர்ற ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் கரூப்பேயா வர்ற ஆடம் டிரைவரும் போர்த்துகீசியர் இங்கிலீஷ் பேசுற மாதிரி இழுத்து பேசுறாங்க, ஃபெரெய்ராவா வர்ற லியாம் நீசன் அப்படி எதுவுமே பண்ணல, ஒரே சபைக்காரங்கன்னு நம்ப கொஞ்ச நேரம் ஆகுது. மொத ஒரு மணி நேரம் மெதுவா போகும். கிராமத்து பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு சீனுக்கு மேல எடமே இல்ல, மறைவுல விசுவாசத்த பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தது அவங்களாத்தான் இருக்கும், அத ஏன் காட்டலன்னு எனக்கு வருத்தம். 1865ல நாகசாகியில புதுசா கட்டுன கோயிலுக்கு கிராமத்து ஜனங்க வந்து, நாங்களும் உங்க வேதம்தான்னு அங்க இருந்த பிரெஞ்சு குருகிட்ட ரகசியமா சொன்னாங்களே, இருநூறு வருஷத்துக்கு மேல குருவே இல்லாம. படம் அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருது.

மனசு ரொம்ப ஒடஞ்சிருக்குற நேரத்துல இத தனியா பாக்காதீங்க, சித்ரவதை காட்சிங்க நெஜமாவே கஷ்டம், சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாம். ஜெயிச்சு ஆறுதல் குடுக்குற சாட்சிப் படம் தேடுறவங்களுக்கும் இது இல்ல. ஆனா செபம் பண்ண முடியாம போன யாராவது கேட்டா நான் மொதல்ல இதத்தான் சொல்லுவேன். ரொம்ப வருஷம் கழிச்சு, குருவாவே இல்லாத ரொட்ரிகஸ் முன்னாடி கிச்சிஜிரோ மறுபடி வந்து முட்டி போடுவான், தலையோட தலை வச்சு ரெண்டு பேரும் அப்படியே இருப்பாங்க. நான் சனிக்கெழம சாயங்காலம் கோயிலுக்கு போலாம்னு இருக்கேன்.