கரிசல் மண்ணில் மரம் புதைத்த பாத்தி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பள்ளத்தில் மரக்கட்டைகளை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி மேடாகப் பாத்தி போடுவதுதான் ஐரோப்பாவிலிருந்து வந்த ஹூகல்கல்டர் முறை. அதை வீடியோவில் பார்த்தபடியே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் செய்தால் ஐப்பசி மழைக்கே பாத்தி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கரிசல் நனைந்தால் உப்பி அடைத்துக்கொள்ளும். இரண்டடிப் பள்ளத்தில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியிருக்காது. காற்றில்லாமல் ஊறும் கட்டை மக்காது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதன் மேல் நிற்கும் கத்தரியும் தக்காளியும் வேர் கறுத்து வாடும்.

அதனால் பள்ளம் முக்கால் அடி போதும், மீதியெல்லாம் தரைக்கு மேலே. நான்கடி அகலம், பத்தடி நீளம், மூன்றடி உயரம் என்பது கைக்கு எட்டும் அளவு. சரிவின் தாழ்ந்த மூலையில் பள்ளத்தின் அடிமட்டத்துக்கே ஒரு வடிகால் வெட்டிவிட வேண்டும். ஈரத்தில் வெட்டக் கூடாது. மண்வெட்டி பட்ட பக்கம் பூசி மெழுகியதுபோல் மூடிக்கொள்ளும். அப்படி மினுங்கினால் கடப்பாரையால் குத்திக் கரடுமுரடாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. கோடை மழை பெய்து, மண் பொலபொலவென்று உதிரும் பதம்தான் சரியான நேரம். மேல்மண்ணையும், அடியில் வரும் சுண்ணாம்புக் கட்டி கலந்த மண்ணையும் தனித்தனியே குவியுங்கள். அடிமண் மேலே வரவே கூடாது.

மரம் பாதி மக்கியதாக இருந்தால் நல்லது. மா, வாகை, அகத்தி எல்லாம் ஆகும். முருங்கை, பூவரசு, கிளுவை பச்சையாகப் போனால் பாத்திக்குள்ளிருந்தே துளிர்க்கும். நன்றாகக் காய வையுங்கள். சீமைக்கருவேலம் இறுகிய கட்டை, மக்க வருடக்கணக்காகும். தைல மரம் வேண்டாம். பக்கத்தில் தென்னை இருந்தால் தென்னங்கட்டையைத் தொடவே வேண்டாம், காண்டாமிருக வண்டு முட்டையிட அதைவிடத் தோதான இடம் கிடையாது.

பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே. அடுக்கியதும் சாணிக் கரைசல் ஊற்றி, இடுக்கெல்லாம் மக்கிய எருவும் சருகும் திணிக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். இடுக்கு விட்டால் மழையில் மேல்மண் உள்ளே சரியும், பெருச்சாளி குடியேறும். அதன்மேல் அரையடி பச்சைத் தழை, கடைசியில் இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு தொழுவுரம் கலந்து முக்கால் அடி. இளக்கம் கொடுக்குமென்று மணல் கொஞ்சம் சேர்ப்பது வீண். களிமண்ணோடு சேர்ந்து இறுகத்தான் செய்யும்.

முதல் ஆடிப்பட்டத்தில் தட்டைப்பயறு, கொத்தவரை, ஓரத்தில் பூசணி. கட்டையை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் அந்த வருடம் கத்தரி நட்டால் அடியிலை வெளிறி நிற்கும். நட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீரில் கரைத்து பதினைந்து நாளுக்கொரு தடவை ஊற்றலாம். முள்ளங்கிக்கு மேடு நன்றாக அமர்ந்த பிறகுதான் இடம்.

‘தண்ணீரே தேவையில்லை’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். காய்ந்த கட்டை ஈரத்தைப் பிடித்து வைக்காது. முதல் கோடையில் சாதாரணப் பாத்தியைவிட அதிகமாகவே குடிக்கும். மூன்றாம் வருடம் கட்டை பஞ்சுபோல் ஆன பிறகுதான் பாசன இடைவெளி நீளும். மூடாக்கு மூன்று அங்குலம் இல்லையென்றால் மேல்மண் வெடித்து உள்ளீரமும் போய்விடும். காய்ந்த மூடாக்கில் கரையான் ஏறும், ஆகவே தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

மூன்றடி மேடு வருடத்தில் இரண்டடிக்கு இறங்கும். ஆனியில் எரு கலந்த மண்ணால் மேலே நிரப்ப வேண்டியிருக்கும். கட்டையைக் காசு கொடுத்து வாங்கும் நிலை என்றால் அந்தப் பணத்துக்கு எருவே வாங்கி மேட்டுப்பாத்தி போடலாம்.