பெல்ட் ஐந்து, ஆட்டோ ரிவர்ஸ் காலி: 1993 முதல் ஒரே கேசட் பிளேயர்

1993-இல் வாங்கிய கையடக்க கேசட் பிளேயரில்தான் இன்னும் பாட்டு கேட்கிறேன். வாக்மேன் என்று சொல்லியே பழகிவிட்டது. ஆனால் வாக்மேன் என்பது சோனி 1979-இல் கொண்டுவந்த பிளேயரின் பெயர். என்னுடையது வேறு கம்பெனிச் சரக்கு. பெயர் வேண்டாம், திட்டப் போகிறேன்.

டேப்பை ஓட்டும் சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டை இதுவரை நான்கு முறை மாற்றியிருக்கிறேன், இப்போது ஓடுவது ஐந்தாவது. பெல்ட் தளர ஆரம்பித்தால் முதலில் தள்ளாட்டம்தான் தெரியும். நீட்டி இழுக்கும் கிட்டார் சுரம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆடும். உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடிவிடுவேன். ஒருமுறை பெல்ட் உருகித் தார் மாதிரி சக்கரத்தில் அப்பிக்கொண்டது. பஞ்சுக்குச்சியும் ஸ்பிரிட்டுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. ஒரு பக்கம் முடிந்ததும் தானாக மறுபக்கத்தை ஓட்டும் ஆட்டோ ரிவர்ஸ் இரண்டாம் வருடமே செத்துவிட்டது. அதைச் சரிசெய்ய நான் முயலவேயில்லை. டேப்பை வெளியே எடுத்துத் திருப்பிப் போடும் அந்தப் பத்து நொடி எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

கேசட்டின் ஒலி வெதுவெதுப்பானது, உயிருள்ளது என்றெல்லாம் இப்போது சொல்கிறார்கள். நம்பாதீர்கள். டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் இந்தப் பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள். நகர்வதோ நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இரைச்சல் இல்லாமல் எப்படி இருக்கும்? அதைக் குறைக்க டால்பி பொத்தான் உண்டு. ஆனால் டால்பியில் பதியாத டேப்புக்கு அதை அழுத்தினால் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை போர்வைக்குள் போய்விடும். என்னிடமிருந்த டேப்புகளில் முக்கால்வாசி எப்படிப் பதிந்தவை என்றே தெரியாது. எல்லாம் நகலின் நகல்.

நான் ஹெவி மெட்டல் ராக் கேட்கிறவன். அந்த இசை பரவியதே நகல்களால்தான். மெட்டாலிகா என்ற பேண்ட் 1982-இல் மாதிரிக்குப் பதிந்த டெமோ டேப், அவர்களுடைய முதல் ஆல்பம் 1983-இல் வருவதற்கு முன்பே கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏறி, தபாலில் ஊர் ஊராகப் போய்விட்டது. பத்து வருடம் கழித்து எங்கள் வட்டத்திலும் அதே கதைதான். நாங்கள் ஐந்து பேர், அதில் ஒருவனிடம் மட்டும் டேப்பிலிருந்து டேப்புக்கு நகல் எடுக்கும் டபுள் டெக். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் கொஞ்சம் கூடும், கீச்சொலிகள் கொஞ்சம் மங்கும். நாளடைவில் எங்களுக்கு ஒரு காது வந்துவிட்டது. பாட்டு தொடங்குவதற்கு முந்தைய உஸ்ஸென்ற சத்தத்தை வைத்தே அது எத்தனை கை மாறி வந்தது என்று சொல்லிவிடுவோம். இரண்டாம் கை என்றால் கெத்து. ஐந்தாம் கை என்றால் நாம் வட்டத்தின் ஓரத்தில் நிற்கிறோம் என்று அர்த்தம். இப்போது யோசித்தால், அந்த வயதில் நான் பாட்டைவிட அதிகமாக அந்த உஸ்ஸைத்தான் கேட்டிருக்கிறேன் போல.

சி-90 டேப்பில் பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு ஆல்பம் 47 நிமிடம் ஓடும், அதை ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டார்கள். கடைசிப் பாட்டின் கிட்டார் சோலோ நடுவில் 'டொக்'. அவ்வளவுதான். பல வருடம் கழித்து ஸ்ட்ரீமிங்கில் அதை முழுதாகக் கேட்டபோது அந்த மீதி இரண்டு நிமிடம் யாரோ முன்பின் தெரியாதவர்கள் வாசிப்பதுபோல் இருந்தது.

அந்த வட்டத்தை ரொம்பவும் புகழவும் மனமில்லை. பேண்ட் பெயர் போட்ட டி-ஷர்ட்டில் யாராவது வந்தால் நிறுத்தி, "மூணு ஆல்பம் சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் கேவலமான பழக்கம் எங்களிடம் இருந்தது. பெண்களிடம்தான் அதிகம் கேட்டோம்.

எங்களுக்கு முந்தியவர்களும் யோக்கியர்கள் இல்லை. 1964-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் மாட்கள், ராக்கர்கள் என்று இரண்டு இளவட்டக் கூட்டங்கள் அடித்துக்கொண்டன. ஒரு கூட்டம் ஸ்கூட்டர், கச்சிதமான சூட். இன்னொரு கூட்டம் மோட்டார் பைக், தோல் ஜாக்கெட். உடை, தலைமுடி, வண்டி, பாட்டு எல்லாம் ஒரே பொட்டலம். ஒன்றை எடுத்தால் மற்றதையும் எடுத்தாக வேண்டும். பங்க் கூட்டம் வந்தபோதும் அப்படித்தான். எங்களுக்குக் கறுப்புச் சட்டையும் பேட்ச் தைத்த ஜீன்ஸ் ஜாக்கெட்டும்.

சிடி, எம்பி3 காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோப்பு எத்தனை கை மாறினாலும் ஒலி அதேதான். யாரிடமிருந்து வந்தது என்று காதுக்குத் தெரியாமல் போனது அப்போதுதான். ஸ்ட்ரீமிங் ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். வசதிக்குக் குறையில்லை. ஆனால் நான் போட்ட ஆல்பம் முடிந்ததும் அதுவாக எதையாவது ஓட்டுகிறதே, அந்த அதிகப்பிரசங்கித்தனம்தான் தாங்கவில்லை.

சரி, பழைய பிளேயர் வாங்கலாமா? பாட்டு கேட்கத்தான் என்றால் வேண்டாம். பழுது பார்ப்பது பிடிக்கும் என்றால் தாராளமாக.

அக்கா மகளுக்குப் பதினேழு வயது. காலையில் கே-பாப், மத்தியானம் ராப், ராத்திரி நான் கேட்கும் மெட்டல். கண்ணுக்கு கோத் மை, காலில் ஸ்கேட்டர் ஷூ. "நீ எந்தக் கூட்டம்?" என்று கேட்டேன். "எந்தக் கூட்டம்னா என்ன மாமா?" என்றாள். இவர்களுக்குக் கூட்டமே கிடையாது என்று அன்றைக்கு முடிவுகட்டிவிட்டேன். அப்புறம் அவள் மேசையைப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் சிடி பிளேயர் கிடையாது; சிடிகள் மட்டும் பதினொன்று. உள்ளே வரும், கே-பாப் பாடகர்கள் படம் போட்ட போட்டோ கார்டுக்காக வாங்கியவை. தன்னிடம் இரண்டாக இருக்கும் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டை வைத்து, முகமறியாத ஒரு பெண்ணுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கார்டைக் காட்டினால் அது எந்த ஆல்பத்தின் எந்தப் பதிப்போடு வந்தது என்று நொடியில் சொல்கிறாள். போலி அச்சை ஓரத்தைத் தடவியே கண்டுபிடித்துவிடுகிறாளாம்.

போன மாதம் பிளேயரைக் கேட்டு வாங்கி, சோபாவில் படுத்து அந்த சி-90-ஐப் போட்டாள். முதல் நொடியிலேயே ஹெட்போனைக் கழற்றி, "மாமா, இதுல மழை பெய்யுது" என்றாள். முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு டொக்.

"மீதி எங்கே?"

"இவ்வளவுதான்."

நம்பாமல் போனை எடுத்து, மீதி இரண்டு நிமிடத்தைத் தேடி ஓடவிட்டாள். அதற்குள் நான் டேப்பைத் திருப்பிப் போட்டிருந்தேன்.