பால் பல்லுக்கு எது காவல்: உமிக்கரியா, பற்பசையா, வார்னிஷ் பூச்சா?

தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிக் கிராமங்களில், சிறு குழந்தையின் பல்லைச் சொத்தையிலிருந்து காக்க எது ஏற்றது என்று கேட்டால், நெல் உமியைக் கருக்கி உப்புச் சேர்த்த உமிக்கரியைப் பாட்டி சொல்வார், கடைப் பற்பசையைத் தாய் சொல்வார், பல்லின் மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷைப் பல் மருத்துவர் சொல்வார்.

உமிக்கரி பல்லில் படிந்த அழுக்கைத் தேய்த்தெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உமியின் சிலிக்கா சொரசொரப்பானது. பால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலோ நிரந்தரப் பல்லினதைவிட மெல்லியது. மேலும், அமிலம் அரித்த எனாமலை மீண்டும் இறுகச் செய்யும் பொருள் எதுவும் கரியில் இல்லை. வேப்பங்குச்சி பெரியவர்களுக்குச் சரி. மூன்று வயதுக் குழந்தை அதை மென்று கடைவாய்ப் பல் வரை தேய்க்கும் என்று நம்ப முடியாது.

வாய்க் கிருமிகள் இனிப்பை அமிலமாக்கி, பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழ் இறங்கும்போது எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. அவற்றைத் திரும்பப் படியவைக்க உதவுவது ஃபுளோரைடு. ஆகவே அன்றாடத்துக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையே மேல் என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகளுக்கென விற்கப்படும் சில பசைகளில் ஃபுளோரைடு குறைவாகவோ அறவே இல்லாமலோ இருப்பதால் அட்டையைப் படித்து வாங்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணி அளவும் போதும். பசையைப் பெரியவர்களே வைத்துத் துலக்கிவிட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் பல் கறைபடுவதைக் கேள்விப்பட்டுப் பசைக்கு அஞ்சுவோர் இங்கும் உண்டு. அது பல ஆண்டுகள் குடித்த நீரால் வருவது, அரிசி அளவுப் பசையால் அன்று.

வார்னிஷில் ஃபுளோரைடு 22,600 பிபிஎம். மூன்று முதல் ஆறு மாதத்துக்கொருமுறை சில நிமிடங்களில் பூசிவிடலாம். எச்சில் பட்டதும் இறுகிவிடுவதால் விழுங்குவது குறைவு. சொத்தையின் தொடக்க அடையாளமாக ஈறோரம் சுண்ணாம்பு போன்ற வெண்கோடு பல்லில் தெரியும் குழந்தைக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனாலும் இது பசைக்குத் துணையே தவிர மாற்று அன்று.

பாலில் நாட்டுச் சர்க்கரை கலந்து புட்டியோடு தூங்கவைக்கும் வீட்டில் பசை, வார்னிஷ் இரண்டின் பலனும் பெருமளவு வீணாகும். தூக்கத்தில் எச்சில் குறைவதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடுகிறது. கிருமிக்கு வெள்ளைச் சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையும் ஒன்றே. இரவில் துலக்கியபின் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். அங்கன்வாடிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழு பல் சொத்தையையும் பார்க்கிறது. அன்று குழந்தையின் வெண்கோட்டைக் காட்டி, வார்னிஷுக்கு எங்கே போவது என்று கேட்டுக்கொள்ளலாம்.