கோவையில் தங்கைக்கு ஒரு டூலா தேடினோம்

தங்கைக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெங்களூரிலிருந்து கோவைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் லண்டனிலிருந்து கிளம்பும் முன்பே, கூட இருக்க ஒரு டூலாவை, அதாவது பிரசவத்தின்போது பக்கத்திலேயே இருந்து தைரியம் சொல்லும் பயிற்சி பெற்ற துணையை, பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. லண்டனில் பேறுகாலம் முழுக்க என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலி) பார்த்துக்கொள்வார். டூலா வேண்டுமென்றால் அங்கேயும் கைக்காசுதான்.

"ரெண்டு பெத்தவ நான் இருக்கறப்ப, காசு குடுத்து எதுக்கு ஆளு?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. ஆனால் அம்மாவுக்கு மூட்டுவலி. ராத்திரி முழுக்க நின்று இடுப்பை அமுக்கிவிட முடியாது. மகள் வலியில் கத்தினால் அம்மாவைத்தான் முதலில் தேற்ற வேண்டியிருக்கும்.

வீடியோ காலில் இரண்டு பேரிடம் பேசினோம். முதலாமவர் எடுத்த எடுப்பிலேயே, "எங்கிட்ட வந்தா நார்மல் டெலிவரிதான்" என்றார். அவர் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அந்தப் பயத்தில் இருக்கும் பெண்ணிடம் இப்படி உறுதி சொல்லிப் பணம் வாங்குவது அநியாயம். டூலா மருத்துவர் இல்லை. உள்பரிசோதனை செய்யவோ, மருந்து கொடுக்கவோ, பிரசவம் பார்க்கவோ கூடாது. விடாமல் ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 2017 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அவ்வளவுதான் யாரும் சொல்ல முடியும்.

இரண்டாமவர் தங்கையிடம், "எதை நெனச்சா உங்களுக்குப் பயமா இருக்குதுங்க?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "என்னை உள்ள விடுவாங்களான்னு ஆஸ்பத்திரியில மொதல்ல கேட்டுருங்க. அட்வான்ஸெல்லாம் அப்புறம்."

எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாங்கள் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில், "லேபர் வார்டுக்குள்ள சொந்தக்காரங்க ஒருத்தர்தான். டூலா வெளியே உக்காரட்டும்" என்றார்கள். எட்டாம் மாதத்தில் டாக்டரை மாற்றினோம். புது டாக்டர் டூலாவும் மாப்பிள்ளையும் மாறி மாறி இருக்கச் சம்மதித்தார். ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டும் யாருக்கும் அனுமதியில்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் பெண் உறவினர் ஒருவர் துணையிருக்க மத்திய அரசு 2016இல் அனுமதித்தது; தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு அதற்கு முன்பே வந்துவிட்டது. டூலாவுக்குச் செலவழிக்க முடியாதவர்கள், பதறாத ஒரு சித்தியையோ அக்காவையோ முன்கூட்டியே தயார்படுத்தலாம்.

அந்த இரண்டாமவரையே டூலாவாக அமர்த்தினோம். வலி வந்ததும் அவர் வந்துவிட்டார். ஒவ்வொரு வலிக்கும் இரண்டு முஷ்டியாலும் இடுப்பை அழுத்திப் பிடித்து, "மூச்ச மெதுவா விடு அம்மிணி" என்பார். வலி விட்டதும் இளநீர் ஒரு வாய். டிரிப்ஸில் ஆக்ஸிடோசினை (வலியைத் தூண்டும் மருந்து) கூட்டலாம் என்று டாக்டர் சொன்னபோது குறுக்கே பேசவில்லை. "எதுக்கு, இப்பவே வேணுமா, கொஞ்சம் பொறுத்தா என்ன ஆகும்னு நீயே கேளு" என்று தங்கையிடம் சொன்னார். அவள் கேட்டாள், டாக்டர் அரைமணி நேரம் பொறுத்தார். பிறகு குழந்தையின் இதயத் துடிப்பு குறைய, சிசேரியன்தான் ஆனது. ஏன் செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அவள் தியேட்டருக்குள் போனாள். எனக்கு அது பெரிய விஷயம்.

பிரசவத்துக்குப் பிறகுதான் அவருடைய அருமை முழுதாகத் தெரிந்தது. "ஆபரேஷன் பண்ணுனா பால் வராது" என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். தையலில் படாமல் குழந்தையை அக்குளுக்கடியில் அணைத்துப் பால் கொடுக்க அவர் சொல்லிக்கொடுத்தார். பாட்டி தேன் தொட்டுச் சேனை வைக்க வந்தார். ஒரு வயதுவரை தேன் ஆகாது. அதற்காகப் பாட்டியை யாரும் விரட்டவில்லை. கை கழுவச் சொல்லி, கரண்டியில் எடுத்து வைத்திருந்த சீம்பாலை நீட்டி, "இதைத் தொட்டு வைங்க பாட்டி" என்றார் டூலா. பாட்டி மனசார வைத்தார். பத்தியச் சாப்பாடும் பூண்டுக் குழம்பும் அம்மா பொறுப்பிலேயே இருந்தன.

நீங்கள் தேடுவதானால், கட்டணத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகை எத்தனை, அவரால் வர முடியாத ராத்திரி யார் வருவார், திட்டமிட்ட சிசேரியன் என்றால் என்ன கணக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிரசவத்துக்கு வருகிறவர்கள், வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி நம்பர் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.