ஸ்பின்னர் 360: லேடீஸ் சீட்டுக்கு வேண்டாம், காப்பித் தோட்டத்துக்கு எடுத்துப் போங்கள்

ஏற்காட்டுக்கு ஸ்பின்னர் 360 கேமராவோடு போனால் கால் தானாக லேடீஸ் சீட் என்கிற மலை விளிம்புக் காட்சி முனைப் பக்கம்தான் போகும். அங்கே அது தண்டம். கீழே விரிந்து கிடக்கிற சேலத்தை இதன் அகலக் கோண 25 மி.மீ. லென்ஸ் ஒரு மெல்லிய கோடாக்கிவிடுகிறது. மீதிப் படம் முழுக்கக் கம்பி வேலி, செல்ஃபி கூட்டம், அப்புறம் என் மூஞ்சி. முழுச் சுற்றையும் பதிகிற கேமராவில் பிடித்திருக்கிறவனும் தப்ப முடியாது.

எனக்குச் சோறு போடுவது கல்யாண வீட்டு டிஜிட்டல் கேமராதான், இது ஞாயிற்றுக்கிழமைக்கு. லோமோகிராஃபி என்கிற கேமரா கம்பெனி 2010-ல் கொண்டுவந்த 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்து விட்டால் ரப்பர் பேண்ட் விசையில் தலைப்பகுதி சுழலும், உள்ளே ஃபிலிமும் கூடவே நகரும். ஓரத்துத் துளைகள் வரை படம் விழும். "என்னங்கண்ணா, பம்பரம் விடறீங்களா?" என்று கேட்டார் தட்டுவடை செட் கடைக்காரர்.

இதன் வித்தை தெரிவது காப்பித் தோட்டத்தில். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து இழுத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் காப்பிச் செடி, பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். சுற்று முழுக்க ஒரே எக்ஸ்போஷர்தான், வெயிலுக்கு ஒன்று நிழலுக்கு ஒன்று என்று வைக்க முடியாது. அதனால், வெளிச்ச அளவு கொஞ்சம் தப்பினாலே கெட்டுப்போகிற ஸ்லைடு ஃபிலிம் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 400 வேகக் கலர் நெகட்டிவ் ஃபிலிம் வெயில், நிழல் இரண்டையும் தாங்கிக்கொள்கிறது. லென்ஸ் திறப்பு வெயிலுக்கு எஃப்/16, மேகமூட்டத்துக்கு எஃப்/8, அவ்வளவுதான் வசதி.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் நின்றால் இன்னொரு வேடிக்கை. கேமரா சுழலும் திசையிலேயே திரும்பிய பஸ் இழுபட்டு நீண்டுவிட்டது. எதிர்த்திசையில் வந்த பைக் நசுங்கிக் குறுகிப்போனது. கம்ப்யூட்டரில் ஒட்டுகிற பனோரமாவில் இது வராது.

சுழற்சி சீராக இல்லாவிட்டால் படத்தில் செங்குத்தாகப் பட்டைகள் விழும். 36 படம் எடுக்கிற ரோலில் இதற்குச் சுமார் 8 படம்தான், அதனால் செலவும் கடிக்கும்.

கழுவக் கொடுத்த லேபில் வழக்கப்படி ஆறு ஃபிரேம் அளவுக்கு வெட்டிவிட்டார்கள். தோட்டப் படம் மிளகுக் கொடிக்கு நடுவில் இரண்டாகப் போயிற்று. இப்போதெல்லாம் கவர் மேலேயே 'ரோலை வெட்ட வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்' என்று பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன். லேப் ஸ்கேனரில் ஃபிலிமைப் பிடிக்கிற ஃபிரேம் ஓரத்துத் துளைகளை மறைத்துவிடும்; வீட்டு ஸ்கேனரில் இரண்டு மூன்று பகுதியாக ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வதுதான் சரி.