மெக்கின்ஸி, பிசிஜி, பெய்ன்: உங்கள் மாலைப்பொழுது யார் கையில்?

கன்சல்டிங், அதாவது நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு ஆஃபர் வாங்கியவர்கள் முதலில் சம்பளத்தையும் பெயரையும் ஒப்பிடுகிறார்கள். மெக்கின்ஸி, பிசிஜி (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்), பெய்ன் என்ற மூன்று பெரிய கன்சல்டிங் நிறுவனங்களுக்கும் இடையே அவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. டீமை நடத்துகிற மேனேஜரை நிறுவனம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்துகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தினசரி வாழ்க்கை அவர் கையில்தான் இருக்கிறது.

மெக்கின்ஸி 1926இல் தொடங்கியது. குறித்த காலத்தில் அடுத்த படிக்கு ஏறாதவர் வெளியேற வேண்டும் என்ற பழக்கம் அங்கே ஆழமாக ஊறியது. மாற்றுக் கருத்து இருந்தால் அதைச் சொல்வது கடமை என்றும் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்ந்தவரும் நிறுவனத்தின் பங்குதாரரான மூத்தவரை, அதாவது பார்ட்னரை, மறுத்துப் பேசலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆனால் நீங்கள் மறுத்துப் பேசுகிற மேனேஜரின் கருத்துதான் உங்கள் மதிப்பீட்டிலும் எடைபோடும். படியேறும் கெடு தலைக்கு மேல் நிற்கும்போது எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

பிசிஜியில் நடந்தது வேறு மாதிரி. ஹார்வர்டு பேராசிரியர் லெஸ்லி பெர்லோ அதன் பாஸ்டன் அலுவலகத்தில் ஒரு சோதனை செய்தார். முதலில் ஒரு டீமில் ஆளுக்கு வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. அப்புறம் இன்னொரு டீமில் வாரம் ஒரு மாலை, ஆறு மணிக்கு மேல் மெயிலும் கிடையாது, போனும் கிடையாது. தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று கன்சல்டன்ட்களே முதலில் தயங்கினார்கள். ஓய்வு கட்டாயம் என்பதால் வேலையை முன்கூட்டியே பிரிக்க வேண்டியிருந்தது, ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாராவாரம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். வேலையில் திருப்தி கூடியது. முடிவுகள் 2009இல் வெளியாயின. பிறகு பிசிஜி இதை உலகம் முழுக்க விரிவாக்கியது. ஓய்வு மேனேஜரின் பெருந்தன்மையாக இருந்தால் அவர் மாறும்போது அதுவும் போய்விடும். விதியாக இருந்தால் தைரியமாகக் கேட்கலாம்.

பெய்ன் 1973இல் பிசிஜியிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியது. சக ஊழியரைத் தோற்கவிடக் கூடாது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. பெரும்பாலும் உள்ளூர் அலுவலகத்து ஆட்களையே சேர்த்து டீம் அமைப்பதால் அந்த நெருக்கம் வார்த்தையோடு நிற்பதில்லை. ஊழியர்கள் தங்கள் நிறுவனத்தை மதிப்பிடும் கிளாஸ்டோர் தளத்தின் சிறந்த பணியிடப் பட்டியலில் 2019, 2021, 2024 ஆண்டுகளில் முதலிடம். நெருக்கமான இடத்தில் "இன்று முடியாது" என்று சொல்வது கஷ்டம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

என் தேர்வு பிசிஜி. பழகும் சூழல்தான் முக்கியம் என்றால் பெய்ன். கடும் போட்டியில் ஊக்கம் பெறுபவருக்கு மெக்கின்ஸி சரியாக இருக்கும்.

எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன், நீங்கள் சேரப்போகும் அலுவலகத்தின் ஜூனியர் ஒருவரிடம் பேசுங்கள். "வேலை எப்படி?" என்று பொதுவாகக் கேட்காமல், கடைசி ப்ராஜெக்டில் ஓய்வு மாலையை மேனேஜர் எத்தனை முறை ரத்து செய்தார், அப்போது பார்ட்னர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.