மிரி–பாரியோ: தூரக் கணிப்பானில் எதை நம்பலாம்?

போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சரவாக்கின் உட்பகுதியில் பிள்ளைக்கு ஆசிரியர் போஸ்டிங் கிடைத்துவிட்டால், பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "போய்ச்சேர எவ்வளவு நேரம்?" என் மகள் அங்கே பாரியோ என்ற மலை ஊரின் பள்ளிக்குப் போனதிலிருந்து கைப்பேசியில் விமானத் தூரக் கணிப்பானைப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் வரும். பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்: தூரத்தை நம்புங்கள், நேரத்தை நம்பாதீர்கள்.

தூரம் வெறும் கணக்கு. உருண்டையான பூமியின்மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழியை அளக்கிறது. கோலாலம்பூர் (கே.எல்.) விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலிருந்து, பாரியோவுக்கு விமானம் மாறும் சரவாக் நகரமான மிரி சுமார் 1,375 கிலோமீட்டர். மிரியிலிருந்து பாரியோ சுமார் 178. கடல் மைலில் காட்டினால் 1.852-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

நேரத்துக்குப் பெரும்பாலும் ஜெட்டின் வேகத்தைப் போட்டுவிடுகிறார்கள், மணிக்கு 800 கிலோமீட்டர் அளவில். அப்படிப் பார்த்தால் பாரியோவுக்கு 13 நிமிடம்! அங்கே பறப்பதோ 19 பேர் உட்காரும் ட்வின் ஓட்டர். காற்றாடி (புரொப்பெல்லர்) சுழன்று பறக்கும் விமானம், மணிக்கு 270 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் 50 நிமிடம் ஆகிவிடும். மிரி–பாரியோ, கே.எல்.–மிரி தூரத்தில் எட்டில் ஒரு பங்குதான், ஆனால் அந்தப் பயண நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சில கணிப்பான்கள் ஜெட் வேகத்தோடு அரை மணி கூட்டி 43 நிமிடம் என்று காட்டும். கிட்டத்தட்ட சரியாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், அது தற்செயல். நான் நிமிடத்துக்கு நாலரை கிலோமீட்டர் என்று வைத்து, கிலோமீட்டரை நாலரையால் வகுத்து, பத்து நிமிடம் கூட்டிக்கொள்கிறேன்.

எந்தக் கணிப்பானுக்கும் தெரியாதது வானிலை. பாரியோ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, மலைகள் சூழ்ந்த கெலாபிட் மேட்டு நிலம். விமானிக்கு ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகம் மூடினால் காத்திருப்பார்கள், அல்லது திரும்பிவிடுவார்கள், அல்லது அன்றைய பயணமே ரத்து. மதியத்துக்குப் பிறகு மேகம் கூடும் என்பதால் காலை விமானமே மேல். விமானம் சிறியது, பையை மட்டுமல்ல, ஆளையும் எடை போடுவார்கள். முறுக்கும் அதிரசமும் டப்பா டப்பாவாகக் கட்டும் அம்மாக்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பிள்ளை தீபாவளிக்கு வர வேண்டுமா? அது மழைக்காலம். பாரியோவிலிருந்து இறங்கிய அன்றே கே.எல். விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். மிரியில் ஓர் இரவு தங்கட்டும். அந்த ஓட்டல் செலவு வீண் இல்லை. விமானம் ரத்தானால் காட்டுப் பாதையில் ஜீப் உண்டு என்பார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழையில் எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல முடியாது. என் மகளை அந்த வழியில் வரச் சொல்ல எனக்கு மனமில்லை.

கணிப்பானை வைத்திருங்கள், தூரத்துக்கு மட்டும். நேரத்துக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். 19 இடம்தான் என்பதால் பள்ளி விடுமுறைத் தேதி தெரிந்த உடனே பதிவு செய்துவிடுங்கள்.